தீவன மூட்டையில் வரும் கடல்

விலங்கியல் படிப்பவர்கள் அதில் பெரும்பகுதி கடலைத்தான் படிக்கிறார்கள். விலங்குலகின் பெருந்தொகுதிகளில் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. முட்தோலிகள், சீப்பு ஜெல்லிகள், அரைநாணிகள் போன்ற சில தொகுதிகளுக்குக் கடலுக்கு வெளியே ஓர் இனம்கூடக் கிடையாது. ஆகவே ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுக்கும் மாணவி, சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல் அப்பால் இருக்கிற, ஒருவேளை ஒரு முறைகூடப் பார்த்திராத கடலைப் படித்தே தேற வேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நாம் எப்படி நடத்துகிறோம், அது அவளுடைய ஆர்வத்தை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவை. ஃபார்மலினில் ஊறி வெளுத்த நட்சத்திர மீன், கடல் குதிரை, கடல் வெள்ளரி, அடியில் ஒட்டிய பழுப்புச் சீட்டு. இதை எள்ளி ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலைக் காணாத ஊரில் கடலுயிரின் முப்பரிமாண உருவத்தை முதன்முதலாகக் கண்முன் வைத்தது அந்தக் குடுவைதான். ஐந்து கரங்களின் சமச்சீரை எந்தப் படமும் அந்த அளவுக்குக் காட்டிவிடாது. பெயரிட்டு, வகைப்படுத்தி, சீட்டு ஒட்டும் வேலைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பட்டியலிட்டுச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. பலனோகிளாசஸ் என்னும் அரைநாணிக்காக விலங்கியல் மாணவர்களிடையே பெயர் பெற்ற தீவு அது. மன்னார் வளைகுடாவில் அன்று என்ன இருந்தது, இன்று எது குறைந்தது என்று பேச முடிகிறதென்றால், அப்படிப்பட்ட பட்டியல்களை யாரோ பொறுமையாக எழுதி வைத்ததால்தான்.

குடுவையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. உயிரை அது இடத்திலிருந்தும் காலத்திலிருந்தும் பிரித்துவிடுகிறது. கடல் வெள்ளரி அடிமணலை விழுங்கி அதிலுள்ள கரிமப் பொருளைச் செரித்துவிட்டு மணலைத் திரும்ப வெளியே விடுகிறது. கடலடி மண் உயிர்ப்போடு இருக்க அதுவும் ஒரு காரணம். குடுவையில் இருப்பதோ சுருங்கிய தோல்பை. தேர்வில் கேட்பது ‘படம் வரைந்து பாகம் குறி’. கடல் குதிரையும் கடல் வெள்ளரியும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவை ஏன் அந்தப் பட்டியலுக்கு வந்தன, யார் பிடித்தார்கள், எந்த நாட்டுக்குப் போயின, தடையால் ராமநாதபுரம் கரையில் எந்தக் குடும்பங்களின் பிழைப்பு தடுமாறியது என்பதெல்லாம் வகுப்பில் அனேகமாகப் பேசப்படுவதில்லை. மாணவியின் உண்மையான கேள்விகள் தொடங்கும் இடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது.

அந்த வெற்றிடத்தைத் தொலைக்காட்சி நிரப்புகிறது. திமிங்கிலம், ஓங்கில், வெள்ளைச் சுறா, நீலத்தில் மிதக்கும் பவளப் பாறை. இந்த வியப்பு நல்லதுதான். பலரும் கடல் உயிரியல் என்ற பெயரையே இப்படித்தான் அறிகிறார்கள். ஆனால் அந்த வியப்போடு பரங்கிப்பேட்டைக்குப் படிக்கப் போகிறவர் முதலில் சந்திப்பது சேற்றையும் சல்லடையையும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக ஆர். வி. சேஷையா வளர்த்தெடுத்த அந்த ஊரின் கடல் உயிரியல் நிலையத்தை 1963இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர் ஆய்வு மையமாக ஏற்றது. அங்கே படிப்பு என்பது மிதவை உயிரிகளை நுண்ணோக்கியில் எண்ணுவது, உப்புத்தன்மையை அலை ஏறும்போதும் இறங்கும்போதும் அளப்பது, பிச்சாவரம் அலையாத்தி வேர்களுக்கிடையே நண்டு வளைகளைக் கணக்கெடுப்பது. மாதக்கணக்கில் இதையே செய்ய வேண்டும். படிப்பை முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆய்வு நிறுவனங்களில் இடம் கிடைக்கிறது. பலருக்கு இறால் குஞ்சுப் பொரிப்பகமே வேலை தருகிறது. அதில் இழிவேதும் இல்லை. ஆனால் திமிங்கிலக் கனவோடு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு இதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அனுப்புவது அவருக்குச் செய்யும் அநீதி.

கடலோரத்தில் பிறக்காததே குறை என்று நினைப்பவர்களுக்கு ரேச்சல் கார்சன் நல்ல மறுமொழி. பென்சில்வேனியாவின் உள்நாட்டு ஊரொன்றில் வளர்ந்தவர். 1929இல் உட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்துக்குப் போனபோதுதான் கடலை முதன்முறை கண்டார். பிறகு கடலைப் பற்றி அவர் எழுதியவற்றை உலகமே படித்தது. தொலைவு ஆர்வத்தைக் கொல்வதில்லை. சில வேளை கூர்மையாக்கவும் செய்கிறது. ஆனால் கார்சனுக்கு அங்கே வாரக்கணக்கில் நேரம் கிடைத்தது. நம் கல்லூரிச் சுற்றுலாவில் மண்டபத்துக்குக் கிடைப்பது ஒரு முற்பகல். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் இருந்த இடம் அது என்பதுகூடப் பலருக்குத் தெரியாமலே மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, ராமேசுவரத்தில் நீராடிவிட்டு, பேருந்தேறிவிடுகிறார்கள். வாடை எப்போது அடிக்கும், கச்சான் காற்று அடித்தால் எந்த மீன் விலகும் என்று நாள் முழுவதும் சொல்லக்கூடியவர்கள் படகடியில் வலை சீர்செய்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பும் சுற்றுலாவைக் கடல் படிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பிழை உண்டு. கடல் எங்கோ தொலைவில் இருக்கிறது, நாம்தான் அங்கே போக வேண்டும் என்ற எண்ணம் அது. உண்மையில் கடல் நாள்தோறும் லாரியில் நாமக்கல்லுக்கு வருகிறது.

இங்கே கோடிக்கணக்கில் முட்டைக் கோழிகள் வளர்கின்றன. அவற்றின் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் முதன்மை. கூடவே கருவாட்டுத் தூள், முட்டையோட்டின் சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல். இழுவைப் படகின் வலை அடிக்கடலை வாரி வரும்போது, விலைபோகும் இறாலும் மீனும் தனியே போக, எஞ்சுவதைக் கரையில் கழசல் என்கிறார்கள். பொடிமீன், சிறு நண்டு, கடல் பாம்பு, சங்கு, பெயர் தெரியாத பல உயிர்கள். விலைமீன்களின் குஞ்சுகளும் அதில் நிறைய. ஒரு காலத்தில் கடலிலேயே கொட்டப்பட்ட இந்தக் கழசல் இப்போது மணலில் காய்ந்து தீவனச் சரக்காகிறது. இறால் குறைந்த பிறகும் படகு ஓடுவதற்கு இந்த வரும்படியும் ஒரு காரணம் என்று சோழமண்டலக் கரையில் ஆய்ந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வழக்கமாக, மீன் அருகினால் மீன்பிடி கட்டுப்படியாகாமல் படகு நின்றுவிடும், கடல் தேறிக்கொள்ளும். குப்பைக்கும் விலை கிடைத்துவிட்டால் அந்த இயல்பான கடிவாளம் அறுந்துபோகிறது. அறுத்த கைகளில் ஒன்று நம் சமவெளியின் தேவை.

இதைக் குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. சத்துணவுத் தட்டில் முட்டை வைக்கும் தொழில் இது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பியிருக்கின்றன. தீவனம் அரைப்பவர் புரதத்துக்கு எது மலிவோ அதைத் தேடுவார். ஆனால் கடல் உயிரியல் படிக்க விரும்பும் நாமக்கல் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்? உணவுச் சங்கிலி, இனப்பெருக்கக் காலம், மீன்பிடித் தடை, சந்தை விலை அத்தனையும் ஒரு மூட்டையில் இருக்கின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் கருவாட்டுச் சரக்கு என்னவாகிறது, தடை முடிந்த முதல் வாரங்களில் எந்தக் குஞ்சுகள் வருகின்றன என்று பார்ப்பதற்குப் படகு தேவையில்லை.

வாரச் சந்தைக் கருவாட்டுக் கடையும் அப்படித்தான். நெத்திலி, வாளை, காரல், சுறாத் துண்டு, சென்னாக்குன்னி என்று, பள்ளி ஆய்வகத்தின் அலமாரியைவிடக் கூடுதலான கடலினங்களை அந்தச் சாக்கு விரிப்பில் காணலாம். கையில் எடுத்துப் பார்க்கலாம்; கடைக்கார அம்மாவிடம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்கலாம்.

ஆறும் ஒரு வழி. பரமத்தி வேலூரையும் மோகனூரையும் தொட்டுப் போகும் காவிரியில் வாழும் விலாங்கு, முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன். ஆற்றில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, ஒரே ஒரு முறை கடலுக்கு இறங்கி, அங்கேயே மடிகிறது. அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து முகத்துவாரம் சேர்ந்து ஆறேறுகின்றன. உள்ளம் மீனுக்கு எதிர்த்திசைப் பயணம்: கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறேற வேண்டும். அணைக்கட்டுகள் அதன் வழியை மறிப்பதைப் பற்றிப் பிரான்சிஸ் டே 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1934இல் எழுந்த மேட்டூர் அணை புதுவெள்ளத்தின் வேகத்தையும் காலத்தையும் மாற்றியது. அந்த வெள்ளத்தை நம்பி ஏறும் மீனுக்கு அது இன்னொரு அடி. சேலம் மாவட்டத்தில் கட்டிய ஒரு சுவர் வங்கக் கடலின் ஒரு மீனைத் தொட்டது என்பது மேட்டூர்ப் பள்ளியின் பாடத்தில் இருந்திருக்க வேண்டிய செய்தி. இன்னும் பின்னோக்கிப் போனால், பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் அரியலூரின் சுண்ணாம்புக் குவாரிகளிலும் கிரெட்டேசியஸ் காலக் கடலடியே திறந்து கிடக்கிறது. அமோனைட் ஓடுகள் அதில் பதிந்திருக்கின்றன.

இப்படிப் படித்தால் கடல் வெறும் வியாபாரக் கணக்காகச் சுருங்கிவிடாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான அச்சம். உயிர் ஒன்றை அது நமக்குப் பயன்படுவதற்காக அல்லாமல் அதற்காகவே பார்ப்பதுதான் இந்த அறிவியலின் உயிர்நாடி. உயிருள்ள நட்சத்திர மீன் குழாய்க் கால்களால் நகர்வதைப் பார்க்கும் அனுபவத்துக்குக் கழசல் மூட்டை ஈடாகாது. அதற்குக் கடலுக்குத்தான் போக வேண்டும். முற்பகலுக்கு அல்ல, இரண்டு வாரமாவது. ஆனால் மூட்டையில் எண்ணிப் பழகியவர் கரைக்குப் போனால் கேட்பதற்குக் கேள்விகளோடு போவார். படகடியில் உட்கார்ந்திருப்பவரிடமும் அவருக்குப் பேச்சு இருக்கும்.

தொடங்குவதற்கான இடம் இங்கேயே இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனத்தைப் பகுத்துப் பார்க்கும் கூடமும் உண்டு. கருவாட்டில் புரதம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதே தீவனக்காரர்கள் அறிய விரும்புவது. கோழிக்கு அது போதும். எந்த மீன், என்ன நீளம், குஞ்சா முதிர்ந்ததா என்ற மூன்று கேள்விகளை இந்த வட்டாரத்து விலங்கியல் துறை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அரைக்கும் முன் கிடைக்கும் முழுக் கருவாட்டை அளக்கலாம். நொறுங்கியதில் செவிக்கற்களைப் பொறுக்கி இனம் காணலாம். மாதம் ஒரு மாதிரி எடுத்து, ஐந்தாறு ஆண்டு விடாமல் எழுதி வைத்தால், கடற்கரை நிலையங்களும் கேட்டு வாங்கும் பதிவேடு ஒன்று நாமக்கல்லில் உருவாகும். அதற்குச் சில வியாபாரிகளின் நம்பிக்கையைப் பெற வேண்டும். சரக்கைப் பற்றிய கேள்வி தொழிலுக்கு வினையாகுமோ என்று அவர்கள் தயங்கினால் அதிலும் நியாயம் உண்டு. பெயர் வெளியிடாமல் எடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.