‘அழுகாச்சி’ என்னும் தீர்ப்பு: இருள்சார் வீரநாயகப் படக்கதைகளும் தமிழ் வாசகர் கருத்தும்

படக்கதைகள் குறித்து வாசகர் எழுதும் கருத்துகள் பெரும்பாலும் விற்பனைக்கான குறிப்புகளாகவே கொள்ளப்படுகின்றன. மொழித் தரவாகக் கொள்ளப்படுவது அரிது. ஆயின், எந்த நூல் மொழிபெயர்ப்புக்கு உரியது, எது தள்ளத்தக்கது என்பதை முடிவு செய்வதில் இக்கருத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே, அவற்றில் பயிலும் மதிப்பீட்டுச் சொற்களின் பொருளைச் சரியாக வரையறுப்பது மொழிபெயர்ப்பாளருக்கும் பதிப்பாளருக்கும் நேரடியான பயன் தருவதாகும்.

சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் 2012க்குப் பின் ஐரோப்பியக் கிராபிக் நாவல்களை மிகுதியாகத் தமிழில் தரத் தொடங்கியபோது, வாசகரிடையே ஒரு சொல் நிலைபெற்றது. துயரமான முடிவும் கனத்த சூழலும் உடைய கதைகளை அவர்கள் ‘அழுகாச்சி’ என்றனர். அழு என்னும் வினையடியிற் பிறந்த பேச்சு வழக்குப் பெயர் இது. குழந்தையைக் குறிக்கையில் பரிவும், நூலைக் குறிக்கையில் இளக்காரமும் இச்சொல்லில் தொனிக்கின்றன. ‘அழுகை’ என்னும் செவ்விய வடிவத்தில் இவ்விரட்டைத் தொனி இல்லை.

இச்சொல்லைச் சான்றாகக் கொண்டு, தமிழ் வாசகர் இருள் படிந்த நாயகர்களை ஏற்பதில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. இம்முடிவு பொருந்தாது. தமிழ்ப் படக்கதை வாசகர் தலைமுறைகளாகப் போற்றி வரும் நாயகர்களே இதனை மறுக்கின்றனர்.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் தோன்றிய இக்கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டெல், தொடக்கக் கதையில் மின்னாற்றலால் உடல் மறையும் வல்லமையைக் குற்றத்திற்கே பயன்படுத்துகிறான். உளவுப் பணிக்கு வருவது பின்னரே. மூலத்தின் தலைப்பு இரும்புக்கையை மட்டும் சுட்ட, தமிழ்த் தலைப்பு ஆளையும் சேர்த்துச் சுட்டுகிறது. மாயாவி என்பது மாயம் வல்லவன், வஞ்சகன் எனப் பொருள்படும் வடசொல். இராமாயணத்தில் வாலியோடு பொருது மாண்ட அசுரனின் பெயரும் அதுவே. கதைத்தலைவனுக்கு அசுரன் பெயரை இட்டது திட்டமிட்டதோ தற்செயலோ, பொருத்தம் வியக்கத்தக்கது. காலப்போக்கில் அப்பெயரின் அசுரத்தன்மை தேய்ந்து வீரப்பொருளே எஞ்சியது. பின்னாளில் ராணி காமிக்ஸ் முகமூடி வீரர் ஒருவருக்கும் அதே பெயரை இட்டது இத்தேய்வுக்குச் சான்று.

1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஸ்பைடரோ குற்றவுலகின் அரசனாகவே விரும்புபவன். 1965இல் டெட் கோவன் படைத்த இப்பாத்திரத்திற்குப் பின்னர்க் கதை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது சுவையான செய்தி. ஸ்பைடரைத் தமிழ்ச் சிறுவர் கொண்டாடினர். ‘அழுகாச்சி’ என்று எவரும் ஒதுக்கவில்லை.

அவ்வாறாயின் அச்சொல் எதனை மறுக்கிறது? தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகை ஒன்று. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அதன் நிலைக்களன்கள். ‘அழுகாச்சி’ பெரிதும் இழவையும் அசைவையும் நோக்கி எழும் கூற்று. நாயகனின் அறப்பிறழ்வு அதன் எல்லைக்குள் வருவதில்லை. ஆங்கிலத் திறனாய்வில் ‘டார்க்’ என்னும் ஒரே அடை துயரம், அச்சம், அருவருப்பு, அறக்குழப்பம் ஆகிய அனைத்தையும் தழுவுகிறது. 1986இல் வெளிவந்த ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’, 1986–87இல் பன்னிரு இதழ்களாக வந்த ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ் ஆகியோரின் ‘வாட்ச்மென்’ இரண்டும் அவ்வடையைப் பெற்றவை. அதனை ‘இருண்ட’ என்று பெயர்த்தால் தமிழில் அறியாமைப் பொருள் முந்துகிறது. ‘இருண்ட காலம்’, ‘இருண்ட கண்டம்’ என்னும் தொடர்கள் அதற்கு வழி வகுத்துவிட்டன. ‘இருண்ட நாயகன்’ என்றாலோ நிறத்தைக் குறித்ததாகவும் கொள்ள நேரும்!

வாசகர் கருத்தை நேரடியாகக் கணக்கிட்ட நிகழ்ச்சியும் உண்டு. 1988இல் பேட்மேனின் துணைவன் ராபின், அதாவது ஜேசன் டாட், பிழைப்பதா இறப்பதா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டது டிசி நிறுவனம். சாவுக்கு 5,343, வாழ்வுக்கு 5,271. 72 வாக்கு வேறுபாட்டில் அவன் இறந்தான். வாக்குகளின் எண்ணிக்கை தெரிந்தது. வெறுப்பா, ஆர்வமா, விளையாட்டா என்னும் காரணம் தெரியவில்லை. ‘அழுகாச்சி’ என்னும் ஒற்றைச் சொல் தீர்ப்பையும் வாக்காக எண்ணினால் இதே குறைபாடு நேரும்.

அத்தீர்ப்பில் ஒரு பகுதி கதையைப் பற்றியதன்று, மொழிபெயர்ப்பைப் பற்றியது என்று கருதவும் இடமுண்டு. ‘வாட்ச்மென்’ கதையின் ரோர்ஷாக், எழுவாயும் சார்படையும் உதிர்ந்த துண்டு வாக்கியங்களில் பேசுபவன். ஆங்கிலத்தில் அதுவே அவனது மனப்பிளவின் அடையாளம். தமிழில் எழுவாய் உதிர்வது இயல்பு. வினைமுற்றின் விகுதியே இடத்தை உணர்த்திவிடும். எழுவாயை மட்டும் நீக்கினால் அவன் எல்லாரையும் போலவே பேசுவான். முற்றையே நீக்கி, பெயர்த்தொடர்களாலும் எச்சங்களாலும் பேச வைத்தாலன்றி அவ்விளைவு கிட்டாது. அதைச் செய்யாத மொழிபெயர்ப்பில் கொடுமை மறைந்து சோகம் மட்டுமே மிஞ்சும்.

குமிழுக்குள் எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது இன்னொரு சிக்கல். தெலுங்கும் தக்கினி உருதும் சூழ்ந்த ஐதராபாத்தின் திருமுல்கேரி போன்ற பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சே முதன்மையான தமிழ். வில்லனும் நாயகனும் ஒரே மேடைத் தமிழில் பேசினால் இருவருக்கும் உள்ள வேறுபாடு அப்பிள்ளைக்குப் படத்தால் மட்டுமே புலப்படும். கட்டத்தின் மேலுள்ள விவரிப்பிலோ ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் விகுதித் தேர்வே அறத் தீர்ப்பாகிவிடுகிறது. நல்லவனா தீயவனா என்று முடிவு செய்யாமல் விடுவதே நோக்கமாயுள்ள கதையில் இது சிறிய இடர்ப்பாடன்று.

1988இல் வந்த மூர், பிரையன் போலண்ட் ஆகியோரின் ‘தி கில்லிங் ஜோக்’ இதனை நன்கு விளக்கும். இறுதிப் பக்கத்தில் பேட்மேன் ஜோக்கரைக் கொன்றானா என்பதில் வாசகர் இன்றும் இரு கட்சியாக நிற்கின்றனர். தொடக்கத்திலோ, தம்முள் ஒருவர் மற்றவரைக் கொல்வதில் முடியுமோ என்று பேட்மேன் பேச வருகிறான். ஆங்கிலத் தன்மைப் பன்மை உளப்பாட்டைத் தனியே காட்டுவதில்லை. தமிழில் ‘நாம்’ எனின் நாயகனும் பகைவனும் ஓர் இனமாவர். ‘நீயும் நானும்’ எனின் எதிரெதிர் நிற்பர். முதற் பக்கங்களில் மொழிபெயர்ப்பாளர் கொள்ளும் இத்தேர்வு, கடைசிப் பக்கத்தில் வாசகர் எக்கட்சியைச் சார்வர் என்பதைப் பெரிதும் முன்கூட்டியே சாய்த்துவிடும்.