கொச்சி யூதரின் பெசாத் தூய்மை: ‘தாக்கம்’ என்னும் விளக்கத்தின் எல்லை

எகிப்திய அடிமைத்தளையினின்று விடுபட்டதை நினைவுகூரும் பெசா விழா நாள்களில் புளிப்பேறிய தானிய உணவை உண்பதும் இல்லத்தில் வைத்திருப்பதும் யூதருக்கு விலக்கப்பெற்றவை. எனவே விழாவிற்கு முன்னர் வீடு முழுவதும் தூய்மை செய்யப்பெறும். மட்டாஞ்சேரிப் பரதேசி யூதரிடையே இப்பணி நடைபெற்ற முறையை நேதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் ஆகியோரின் ‘கொச்சியின் கடைசி யூதர்’ (1993) என்னும் ஆங்கில நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஹனுக்கா விழா முடிந்ததுமே, ஏறத்தாழ மூன்று திங்களுக்கு முன்பே, பெண்கள் பணியைத் தொடங்கினர். சுவர்களுக்கு வண்ணம் பூசப்பெற்றது, கிணறு இறைக்கப்பெற்றது. அரிசி ஒவ்வொரு மணியாக ஆராயப்பெற்றது. மணியின் விரிசலில் புளிப்பு புகுந்திருக்கலாம் என்பதே அச்சம்.

இத்தரவுகளைத் திரட்டியமை நூலின் அரிய பணி. விளக்கத்தில்தான் இடர்ப்பாடு உள்ளது. இக்கடுமை அந்தணரின் தூய்மைக் கோட்பாட்டையும் நோன்பு நெறியையும் உள்வாங்கியதன் விளைவு என்பது நூலாசிரியர் கருத்து. அரண்மனையை ஒட்டியே தொழுகைக்கூடம் அமைந்த ஊரில், சிம்ஹத் தோரா விழாவின் ஆடம்பரத்தில் அரசச் சாயலைக் காண்பது பொருந்தும். பெசாவிற்கு அவ்வாறு கூறுமுன் யூத சட்ட நூல்களை நோக்குதல் வேண்டும்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் பெசாஹிம் பகுதி, விளக்கொளியில் வீட்டைத் தேடும் விதியோடு தொடங்குகிறது. புளிப்புணவு கொண்டுசெல்லாத இடத்தில் தேட வேண்டியதில்லை. கீரி போன்ற சிறுவிலங்கு அதனை வீடுவிட்டு வீடு இழுத்துச் சென்றிருக்குமோ என்றும் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு அஞ்சினால் ஊருக்கு ஊர் அஞ்ச நேரும், தேடலுக்கு முடிவிராது. சட்டமே எல்லை வகுத்திருக்க, கொச்சிப் பெண்கள் அதனைக் கடந்தது ஏன் என்று காட்ஸ் தரப்பினர் வினவலாம். விடை தல்மூதில் உள்ளது: விழா நாள்களில் பிற உணவோடு கலந்த புளிப்பு எவ்வளவு சிறிதாயினும் விலக்கே. அளவு இல்லாத விலக்கு, அளவு இல்லாத தேடலைத் தூண்டும். ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர் அரிசியையும் பருப்பு வகைகளையுமே தவிர்த்தனர். அரிசி உண்ணும் செபார்தி யூதரிடையே அதனை மும்முறை பொறுக்கும் வழக்கம் உண்டு. இவ்விடங்களில் அந்தணர் அண்டை அயலில் இல்லை. கொச்சியில் அரிசி உண்ணப்பெற்றதனாலேயே கவனம் முழுவதும் அரிசி மணியின் மேல் விழுந்தது எனலாம்.

நூல் எழுப்பாத வினா ஒன்றுண்டு. தேடலில் பெண்டிர் சொல்லை நம்பலாமா? நம்பலாம் என்கிறது பாபிலோனியத் தல்மூத். எருசலேம் தல்மூத் அவர்களைச் ‘சோம்பலுடையோர்’ என்கிறது. அதனால் சிறிது சிறிதாகத் தேடுவர், ஆதலின் நம்பலாம் என்பது ஒரு பாடம். இடைக்கால பிரெஞ்சு, செருமானிய உரைமரபான தோசபோத்தோ, அதே சொல்லைக் கொண்டே, இத்தேடல் தோராவின் விதியாக இருந்தால் அவர்களை நம்பலாகாது என விளக்குகிறது. மணி மணியாக அரிசி பொறுக்கிய மட்டாஞ்சேரிப் பெண்டிரின் செயல், இவ்விரண்டனுள் முதற் பாடத்திற்கு உரையாகவே நிற்கிறது. அதனை அண்டைச் சாதியின் வழக்கிற்கு உரையாக்கியது நூலாசிரியரின் தேர்வு.