கை நின்ற இடம்

சினிமாப் பாட்டைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டு விதமாகத்தான் பேசப்படுகிறது. ஒன்று, அது இசையே இல்லை, வெறும் சரக்கு என்கிற ஒதுக்கல். மற்றது, சின்ன வயசு, டிரான்சிஸ்டர், இலங்கை வானொலி என்று ஆரம்பித்துக் கண் கலங்கி முடிகிற ஞாபகக் கட்டுரை. முதலாமவர் பாட்டைக் கேட்பதில்லை. இரண்டாமவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டில் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் சொல்வதில்லை.

முதல் வகைக் கட்டுரை ஒன்றைச் சில வருஷங்களுக்கு முன் நானே எழுதியிருக்கிறேன். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்த கையோடு, கேட்டலின் பின்னடைவு பற்றி அடார்னோ 1938-ல் எழுதிய கட்டுரை எனக்குக் கிடைத்தது. வெகுஜன இசை கேட்பவனைக் குழந்தையாக்கிவிடுகிறது. அவன் முழுமையைக் கேட்பதில்லை. பழகிப்போன துண்டுகளை அடையாளம் கண்டு திருப்தியடைகிறான். கவனமின்மையே அவன் கேட்கும் முறை. இவ்வளவையும் தமிழில் சொல்லி, நம் சினிமாப் பாட்டின் தலையில் கவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்தக் கட்டுரையில் இருந்த தவறு அடார்னோவுடையது என்று இப்போது சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. என் காதுக்கு நேர்ந்ததை மறைத்துவிட்டு, இரவல் காதால் எழுதியது நான்.

அச்சன்புதூரில் எங்கள் வீட்டுத் திண்ணை, பீடி சுற்றுகிற திண்ணை. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்தில் பல வீடுகள் அப்படித்தான். அம்மா, அடுத்த வீட்டு அத்தை, எதிர்வீட்டு முஸ்லிம் பெண்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். தொண்ணூறுகளில் தெருவுக்கு டெலிவிஷன் வந்துவிட்டிருந்தது. ஆனால் பீடி சுற்றுகிறவளுக்குக் கண் இலையில் இருக்க வேண்டும். அவளுக்கு மிச்சமிருக்கிற புலன் காதுதான். எங்கள் திண்ணையில் வானொலி நிலைத்ததற்குக் காரணம் பழமைப் பற்று இல்லை, அந்த வேலை.

மத்திய அலை பிடிக்கிற டிரான்சிஸ்டருக்குள் கரிய ஃபெரைட் தண்டு ஒன்று உண்டு. அதுதான் ஏரியல். பெட்டியைத் திருப்பினால் ஒரு நிலையம் ஏறும், இன்னொன்று இறங்கும். எங்களூருக்குத் திருநெல்வேலியும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே திசை, தென்கிழக்கு. திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம், தென்மேற்கு. அம்மா திண்ணையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டில் பெட்டி உட்கார்ந்தால் மலையாளம் அடங்கும். பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவாள். கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இவ்வளவு இருந்தது.

ஆனாலும் பெரும்பாலான நேரம் அங்கே யாரும் பாட்டைக் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஞாபகக் கட்டுரைக்காரன் ஆகிவிடுவேன். வானொலி அவர்களுக்குக் கடிகாரம். செய்தி வந்தால் உலை வைக்க எழுந்திருப்பார்கள். மற்ற நேரம் அது ஊர்ப் பேச்சுக்குப் பின்னணி. அடார்னோ அந்தத் திண்ணைக்கு வந்திருந்தால், தன் கட்டுரைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று திரும்பிப் போயிருப்பார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் வேறொன்றையும் பார்த்திருப்பார்.

1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் சேர்கிற ஆபேரிப் பாட்டு ஒன்று உண்டு. அது வந்தால் அம்மாவின் கை நின்றுவிடும். பாட்டு ஆரம்பிக்கும்போது நிற்காது. குரலும் நாதஸ்வரமும் ஸ்வரங்களில் ஒன்றையொன்று தொடர்கிற கட்டத்தில் நிற்கும். பாதி சுற்றிய பீடி விரலிடுக்கில் இருக்க, கண் இலையைவிட்டு எழும். அந்தக் கட்டம் தாண்டியதும், ஒன்றுமே நடக்காததுபோல் விரல்கள் தொடரும். மற்றவர்களுக்கு அங்கே கை நின்றதில்லை. எதிர்வீட்டுப் பெண்களில் மூத்தவளுக்கு அது நாகூர் ஹனீபாவின் குரலுக்கு நிற்கும். அதுவும் அவர் மேலே போய் நிலைக்கிற இடத்தில் மட்டும்.

பீடிக்குக் கூலி எண்ணிக்கைக்குத்தான். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. நின்ற கை, காசை இழக்கிற கை. சபாவில் தலையசைப்பவருக்கு அந்த அசைப்பால் ஒரு நஷ்டமும் இல்லை. இங்கே ரசனைக்கு விலை இருந்தது. அந்த விலை தெரிந்தே, தினமும் எண்ணிக் கட்டுகிற ஒருத்தி, எந்த இடத்துக்கு அதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தாள். இதைக் கவனமின்மை என்று எப்படிச் சொல்வது?

முழுமையை விட்டுவிட்டு ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வதுதானே பின்னடைந்த கேட்டல் என்று இங்கே ஒருவர் மடக்கலாம். அடார்னோவின் அளவுகோல் பீத்தோவனின் சிம்பனி. அங்கே முழுமை என்பது ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கட்டி எழுப்பப்படுவது. ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்தால் கட்டடம் போய்விடும். ராகத்தின் சங்கதி வேறு. ஒரு பிடியில் ராகம் முழுக்க நின்றுவிடுகிறது. அந்தப் பிடிக்கு நின்ற கை, முழுமைக்குத்தான் நின்றது. வானொலியில் சிம்பனி சுருங்கிப்போகிறது என்று அவர் 1941-ல் எழுதியதையும் நான் மறுக்கவில்லை. கோயில் தெருவை நிறைக்கிற நாதஸ்வரம், உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் சுருங்கத்தான் செய்தது. கனம் போயிற்று. ஆனால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வளைந்து போகிற கோடு மிஞ்சியது. அம்மா கேட்டது அந்தக் கோட்டை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கி, சாஸ்திரிய சங்கீதத்தால் ஜனங்களின் ரசனையை உயர்த்திவிட நினைத்தார். ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்க நேர்ந்தது. காருகுறிச்சி எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிற ஊர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில், வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யரான அருணாசலம் 1964-ல் இறந்தபோது அம்மா கைக்குழந்தை. இத்தனை பக்கத்து ஊர்க்காரரின் ஆபேரி எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது, மந்திரி ஒடுக்க நினைத்த அதே சினிமாப் பாட்டில் ஏறித்தான். ரசனையை மேலிருந்து இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். என் பழைய கட்டுரையில் நானும் ஒரு சின்ன மந்திரியாகத்தான் இருந்தேன்.

அம்மா இப்போது பீடி சுற்றுவதில்லை. போன வருஷம் கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த இடம் வந்தபோது நான் பாட்டை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்பதற்கு அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. “நல்லாத்தாம்ல இருக்கு” என்றாள்.

நம்முடைய விமர்சனத்தில் பெரும்பகுதி இப்போது இந்த ‘நல்லாத்தான் இருக்கு’ அல்லது ‘நல்லா இல்லை’தான். படைப்பு எந்த ரகம், எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறோம். இந்தக் கவிதையில் எந்த வரியில் உன் கை நின்றது, நிற்பதற்கு என்ன கொடுத்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. விமர்சகன் முதலில் சொல்ல வேண்டியது அது. தத்துவம் அதற்குப் பிறகு வரலாம். எனக்கு அது தலைகீழாக வந்தது. சினிமாப் பாட்டைப் பற்றிய அந்தக் கட்டுரையை எடுத்துத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு பாட்டின் பெயர்கூட அதில் இல்லை. அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.