விரற்கடை நகர்ந்தால் வேறு ஒலி

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து யாரும் பாட்டுக் கேட்பதில்லை. கேட்டால் காது போய்விடும். ஆனால் ஒலிப்பதிவில் மைக் நிற்பது அந்த இடத்தில்தான்: ஸ்பீக்கரை மூடியிருக்கும் துணிக்கு ஒன்றிரண்டு விரற்கடை முன்னால். ஆறடி தள்ளி நின்று வாசிப்பவர் கேட்பது ஒன்று, மைக் கேட்பது இன்னொன்று. வீட்டில் முதன்முதலாக ஆம்பைப் பதிவு செய்துபார்த்த எவருக்கும் இந்த ஏமாற்றம் தெரிந்திருக்கும். அறையில் கர்ஜித்த ரிஃப், திரும்பப் போட்டுக் கேட்டால் தகரத்தைச் சுரண்டுகிறது.

கணினியில் ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருள்கள் மலிந்துவிட்ட இந்தக் காலத்திலும் மைக்கை விடாதவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். உண்மையான ஆம்ப், உண்மையான காற்று, ஆகவே நிஜமான டோன். பல வருடம் நானும் இதைச் சொல்லித் திரிந்தவன். இப்போது அந்த ‘நிஜம்’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. வீட்டில் ஆம்புக்கு மைக் வைப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நிஜத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

எது கிட்டார் ஒலி என்று நம் காதுக்குப் பழக்கியவை இசைத்தட்டுகள். ஷூர் நிறுவனம் எஸ்எம்57 என்ற மைக்கைக் கொண்டுவந்தது 1965இல். மேடைப் பேச்சாளர் முன்னாலும் நிற்கும், டிரம்முக்கு மேலும் நிற்கும், கீழே போட்டாலும் உழைக்கும் முரட்டு ரகம். உள்ளது உள்ளபடி எடுத்துத்தரும் கருவி அல்ல அது. 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். 15000க்கு மேல் கைவிட்டுவிடும். மிக நெருக்கமாக வைத்தால் அடித்தொனியை ஊதிப் பெருக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ராக் கிட்டாரின் கணிசமான பங்கு அதன் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்ததால், அதன் கோணல் நமக்கு நேர்க்கோடாகிவிட்டது.

ஸ்பீக்கரும் கோணல்தான். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கிவிடும். வீட்டு ஸ்டீரியோவில் இப்படி இருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். இங்கே அதுதான் காப்பு. டிஸ்டார்ஷன் கிளப்பிவிடும் கூர்மையான மேல்தொனிகளை அது மறைத்துவிடுகிறது. மறைக்காவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு பீட்டில்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரெவல்யூஷன்’ இசைத்தட்டைக் கேட்கலாம். ஆம்பே இல்லாமல் கிட்டாரை நேராக மிக்ஸிங் கன்சோலில் கொடுத்து, கன்சோலைத் திணறவைத்து எடுத்த ஒலி. தீப்பெட்டிக்குள் அடைபட்ட வண்டு மாதிரி இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். அந்த ஒலியைப் பொய் என்று யாரும் தள்ளிவிடவில்லை.

இனி மைக்கை நகர்த்திப் பார்க்கலாம். இந்த வழக்கத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் கோனின் நட்டநடுவில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல டஸ்ட் கேப் இருக்கும். அதற்கு நேர் எதிரே மைக்கை வைத்தால் ஒலி பளிச்சென்று, பல்லைக் கூசவைக்கும். அதிலிருந்து ஒரு விரற்கடை, அதாவது இரண்டு சென்டிமீட்டர் அளவு, பக்கவாட்டில் நகர்த்தி கேப்பின் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் அதே ஆம்ப், அதே கை, வேறு ஒலி. இன்னும் வெளியே போனால் கனத்து, மங்கி, கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். உயர்ந்த அலைவரிசைகள் கோனின் நடுவிலிருந்து டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாய்கின்றன. தாழ்ந்தவை எல்லாப் பக்கமும் பரவுகின்றன. காரணம் இவ்வளவுதான். ஆனால் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதும், முழங்காலிட்டு, டார்ச் அடித்து, துணிக்குப் பின்னால் கோன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, நகர்த்தி, பதிந்து, கேட்டு, மறுபடி நகர்த்துவதும் ஒன்றல்ல. ஈக்வலைசர், பதிந்த ஒலியை ஏற்றி இறக்கும். மைக்கின் இடம், எது பதியும் என்பதையே தீர்மானிக்கும். ஒரு மாலை முழுக்க இதைச் செய்தவருக்கு, அடுத்த நாள் எந்தப் பாட்டைக் கேட்டாலும் கிட்டாருக்கு முன்னால் மைக் எங்கே நின்றது என்று ஊகிக்கத் தோன்றும். காதுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

வீட்டுப் பதிவின் ஆதரவாளர்கள் தவறாமல் இழுக்கும் பெயர் டாம் ஷோல்ஸ். எம்ஐடியில் பொறியியல் படித்தவர், பகலில் போலராய்டு நிறுவனத்தில் வேலை. மாசசூசெட்ஸின் வாட்டர்டவுனில் இருந்த தன் வீட்டின் நிலவறையில்தான் ‘பாஸ்டன்’ குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். தொழில்முறை ஸ்டுடியோவில் எடுக்கவேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனம் கேட்டது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் குழுவின் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப்போய்ப் போக்குக் காட்டினார். இங்கே ஷோல்ஸ் நிலவறையில் வேலையைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்ற ஆல்பம் அது. சரி, வீட்டில் முடியும் என்பதற்குச் சான்று. ஆனால் எந்த வீட்டில்? தனி வீடு, தரைக்குக் கீழே அறை, மின்னணுச் சாதனங்களைத் தானே கட்டத் தெரிந்த கை, எல்லாவற்றுக்கும் மேலாக வருடக்கணக்கான நேரம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும் ஸ்டுடியோவில் மைக்கை முப்பது முறை நகர்த்த முடியாது. வீடு தரும் சலுகை அந்த முப்பது முறைதான்.

கதையின் மறுபாதியை இவர்கள் சொல்வதில்லை. இதே ஷோல்ஸ்தான் 1980இல் பவர் சோக் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்: ஆம்பை முழுமூச்சாக ஓடவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் வெப்பமாக்கிக் குறைப்பது. 1982இல் ராக்மேன்: இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஹெட்ஃபோன் ஆம்ப். டெஃப் லெப்பர்ட் குழு 1987இல் வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா’வின் கிட்டார்களில் அந்தச் சின்னப் பெட்டியின் ஒலி நிறைந்திருக்கிறது. வீட்டில் மைக் வைப்பதன் வலி தெரிந்தவர்தான் மைக்கே வேண்டாத வழியையும் தேடினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வலியின் பெயர் சத்தம். கிட்டார் ஸ்பீக்கருக்கு வெறும் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபெல் வரை வரும். சின்ன ஆம்பாக வாங்கினால் தப்பிக்கலாம் என்று 50 வாட்டை விற்று 5 வாட் வாங்குகிறார்கள். பத்தில் ஒரு பங்கு வாட் என்றால் 10 டெசிபெல்தான் குறையும். காதுக்கு அது ஏறக்குறையப் பாதி. பக்கத்து வீட்டுக்குப் பாதி இடியும் இடிதான். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. என் மேல் வீட்டு மாமி விதிப் புத்தகம் படித்தவர் அல்ல. மத்துக்கட்டையால் தரையில் இரண்டு தட்டு, அவ்வளவுதான்.

அப்படியானால் வால்யூமைக் குறைத்து வைத்தால் என்ன? வால்வு ஆம்பில் நாம் விரும்பும் கனத்தில் பாதி, அதன் கடைசிக் கட்டத்து வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கர் கோனும் திணறும்போது வருவது. மெதுவாக வைத்தால் முதல் கட்டத்தின் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். ஆம்பை அலமாரிக்குள் தள்ளி, மெத்தை சார்த்தி, போர்வை போர்த்திப் பார்த்திருக்கிறேன். உயர்தொனியைப் பஞ்சு தின்றுவிடும், அடித்தொனி சுவரைத் தாண்டிப் போய்விடும். பதிவில் மிஞ்சியது பெட்டிக்குள்ளிருந்து வரும் இருமல்.

இன்னொரு குறை, நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது. ஸ்டுடியோவில் ஆம்ப் ஒரு அறையில், கேட்பவர் கண்ணாடிக்கு அப்பால். மைக்கை ஒருவர் நகர்த்துவார், இன்னொருவர் கேட்டுச் சொல்வார். வீட்டில் வாசிப்பவர், நகர்த்துபவர், கேட்பவர் எல்லாம் ஒரே ஆள், ஒரே அறை. ஹெட்ஃபோனை மீறி ஆம்பின் ஒலி எலும்பு வழியாகவே உள்ளே வருகிறது. மைக் என்ன கேட்கிறது என்று தெரியாமலே மைக் வைக்கிறோம். இதற்கு உருப்படியான வழி ரீஆம்ப் செய்வது. முதலில் கிட்டாரை நேராகக் கணினியில் பதிந்துகொண்டு, பிறகு அந்தப் பதிவை ஆம்புக்குள் அனுப்பி, கை இரண்டும் சும்மா இருக்கும்போது மைக்கை நகர்த்துவது. சத்தமும் நடுப்பகலில் இருபது நிமிடத்தோடு முடிந்துவிடும்.

இரண்டு மைக் வைப்பது பற்றிச் சுருக்கமாக: வேண்டாம், முதல் வருடத்தில். ஒன்று 17 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் ஒலி அங்கே போய்ச் சேர அரை மில்லிசெகண்ட் தாமதம். சம பலத்தில் இரண்டையும் கூட்டினால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும், 3000இல் மறுபடி. ராக் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் மைக்கைத் தள்ளி வைத்து அறையையே பதிந்தார் என்பார்கள். லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவின் கூடத்தில் அது ஆழம். பத்துக்குப் பத்து படுக்கையறையில் அது குளியலறை. 3 மீட்டர் அறை 57, 114 ஹெர்ட்ஸில் தானாகவே முழங்கும். கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். மீதியைச் சொல்லவேண்டியதில்லை. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரின் உறுமலைக் கிட்டார் பிக்கப் வாங்கிக்கொள்வது தனிக் கதை. மே மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு வாசித்தவர்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு மென்பொருள் கட்சிக்குப் போய்விடலாமே என்றால், அங்கேயும் இதே மைக்தான் நிற்கிறது. ஆம்பின் ஸ்பீக்கரையும் மைக்கையும் கணக்காக மாற்றிவைக்கும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகளைத் திறந்து பார்த்தால் என்ன மைக், எந்த இடம், எவ்வளவு தொலைவு என்பதே பெயராக இருக்கும். எங்கோ ஒருவர் முழங்காலிட்டு நகர்த்திய விரற்கடையை நாம் விலைக்கு வாங்குகிறோம். தப்பில்லை. பெரும்பாலான வீடுகளில், இரவு பத்து மணிக்கு, மெதுவாக வைத்த ஆம்பின் முன் நிற்கும் நல்ல மைக்கைவிட அந்தக் கோப்பு நன்றாகவே ஒலிக்கும். கோன் திணறும்போது வரும் வளைவு அதில் இருக்காது, ஏனென்றால் அது நேர்கோட்டுக் கணக்கு. அந்த வித்தியாசம் மிக்ஸில் டிரம்மும் பேஸும் சேர்ந்தபின் எனக்குக் கேட்பதில்லை. பெருமைக்காகக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்ட காலம் உண்டு.

நான் இப்போது செய்வது இரண்டுக்கும் நடுவில். வால்வு ஆம்பை, ஸ்பீக்கருக்குப் பதிலாக அதன் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் லோடு பாக்ஸில் மாட்டுகிறேன். ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் ஓடவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். ஸ்பீக்கரின் இடத்துக்கு என் சொந்தக் கேபினட்டை என் மைக்கில் எடுத்த கோப்பு. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இழுக்கும் ஒரு நீண்ட விசிலை ஸ்பீக்கர் வழியாக அனுப்பிப் பதிந்தால் போதும், சில நொடி வேலை. அந்த நொடிகளுக்கு முன்னால் மைக்கை நகர்த்தியது மட்டும் ஒரு முழுப் பகல். கணினியில் அந்தக் கோப்புக்கு நான் வைத்திருக்கும் பெயர்: ‘கேப் ஓரம், ஒன்றரை விரற்கடை, மாமி ஊரில் இல்லை’.