கருவின் உயிரும் கல்விப்புலமும்: தேனி வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

பிறந்த மனிதருக்குள்ள வாழ்வுரிமை கருவில் இருக்கும் உயிருக்கும் உண்டு, ஆகவே கருக்கலைப்பு தவறு என்பது கருவுயிர்க் காப்பு வாதத்தின் சாரம். மேலைநாடுகளில் இவ்வாதம் தேவாலயங்களோடு நிற்கவில்லை, பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்றது. 2022-இல் அந்தத் தீர்ப்பைத் தானே நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் மெய்யியல், சட்டப் பேராசிரியர்கள் இரு பக்கமும் நின்று எழுதினர். கருவுயிர்க் காப்பை ஆதரிக்கும் பேராசிரியர்களுக்கென்றே 1989-இல் அங்கு ஓர் அமைப்பும் தோன்றியது. இந்த வாதத்தைத் தமிழ்நாட்டு அனுபவத்தில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மெய்யியல் வாதங்கள்

ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971-இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். சிறுநீரகம் செயலிழந்த ஓர் இசைக்கலைஞரை உங்கள் அனுமதியின்றி உங்கள் உடலோடு இணைத்துவிடுகிறார்கள். ஒன்பது மாதம் அப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். அவருக்கு உயிர்வாழும் உரிமை உண்டு. ஆனால் உங்கள் உடலைப் பயன்படுத்தும் உரிமை உண்டா? கரு ஒரு முழு மனித உயிர் என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும் கருக்கலைப்பு எப்போதும் தவறாகிவிடாது என்பதே தாம்சனின் முடிவு.

டான் மார்க்விஸ் 1989-இல் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதினார். கொலை ஏன் தவறு? கொல்லப்படுபவரின் எதிர்காலம் முழுவதும் பறிபோகிறது. கருவுக்கும் நம்முடையதைப் போன்ற எதிர்காலம் உண்டு. ஆகவே அதை அழிப்பதும் தவறு. ஆன்மாவையோ மதத்தையோ துணைக்கு அழைக்காத வாதம் இது. அதனாலேயே வலுவானது.

இரண்டு வாதங்களிலும் ஒரு குறை பொதுவாக உள்ளது. கரு ஓர் உயிர். அதைச் சுமப்பவர் தனிமனிதர். கணவன், மாமியார், வரதட்சணை, கூலி, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்ற கேள்வி ஆகிய எதற்கும் அங்கே இடமில்லை.

மலையடிவாரம் எழுப்பும் கேள்வி

பெரியகுளம் வட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ள பேரூர் கெங்குவார்பட்டி. அதன் அருகிலிருந்து மலையேறும் சாலை கொடைக்கானலுக்குச் செல்கிறது. அங்கே 1984-இல் தமிழக அரசு மகளிர் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கி அதற்கு அன்னை தெரசாவின் பெயரைச் சூட்டியது. 1979-இல் நோபல் அமைதிப் பரிசை ஏற்று ஆற்றிய உரையில் கருக்கலைப்பை உலக அமைதிக்குப் பெரும் பகையாகச் சுட்டியவர் அவர்.

மலைக்குக் கீழே, அதே பத்தாண்டில், வேறொரு செய்தி நாட்டை உலுக்கியது. பிறந்த பெண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் புகட்டப்படுவதை 1986-இல் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து விரிவாக வெளியிட்டது. அப்போது தேனியும் மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

கருவுயிர்க் காப்பு வாதம் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான். கரு மனித உயிர்தான் என்று நிறுவிவிட்டால் அதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடும் என்பது அவ்வாதத்தின் நம்பிக்கை. தொட்டிலில் கிடந்த குழந்தை மனித உயிரா என்று சட்டமோ ஊரோ ஐயப்பட்டதில்லை. ஆனாலும் அது பிழைக்கவில்லை. உயிர் என்று ஒப்புக்கொள்வது வேறு, வாழவிடுவது வேறு.

எண்ணிப் பார்த்த ஆய்வுகள்

தமிழகக் கல்விப்புலம் இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் வட ஆற்காடு கிராமங்களில் செய்த ஆய்வு 1992-இல் வெளிவந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டு மாநிலம் தழுவிய ஆய்வை 1997-இல் வெளியிட்டனர்.

இயற்கையில் பிறந்த சில நாட்களுக்குள் இறப்பவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம். ஓரிடத்தில் இது தலைகீழானால் ஐயத்துக்கு இடமுண்டு. இப்படிப் பார்த்தபோது மதுரை, தேனி முதல் சேலம், தருமபுரி வரை ஒரு பட்டை தெரிந்தது. கொடுமை ஒரே சாதிக்குரியதன்று என்பதும் தெரிந்தது. ஒரு சமூகத்தின் மேல் மட்டும் பழி சுமத்திய பொதுப்பேச்சுக்கு இது சரியான மறுப்பு. இதே ஆய்வாளர்கள் 1997 முதல் 1999 வரை தருமபுரியில் நடந்த கலைப்பயண நாடக இயக்கத்தையும் ஆராய்ந்து எழுதினர்.

இந்த அணுகுமுறைக்கும் குறை உண்டு. பதிவேட்டைக் கொண்டு கண்காணிப்பு தொடங்கினால் முதலில் அகப்படுபவர் பேறுகாலப் பெண். முடிவெடுத்த ஆண் பதிவேட்டில் இல்லை. சேலத்தில் 1992-இல் தொடங்கி 2001-இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டம் உயிர்களைக் காத்தது உண்மை. பெண் குழந்தையைக் கைவிடுவதை அது இயல்பாக்கியது என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு.

ஸ்கேன் வந்த பிறகு

தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 948 பெண் குழந்தைகள் இருந்தனர், 2001-இல் 942, 2011-இல் 943. பெண் சிசுக்கொலை குறைந்தும் இந்த எண் நிமிரவில்லை. தொட்டிலில் நடந்தது கருவறைக்கு இடம் மாறியதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது, 2003-இல் கடுமையாக்கப்பட்டது.

இங்கே கருவுயிர்க் காப்பாளர் ஒரு கூர்மையான கேள்வி கேட்கலாம்: கருவுக்கு உரிமை இல்லையென்றால், பாலினம் பார்த்துக் கலைப்பதில் யாருக்கு அநீதி? தேர்வுரிமையை ஆதரிப்போர் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அநீதி, பிறந்து வாழும் எல்லாப் பெண்களுக்கும். நீங்கள் வேண்டாதவர்கள் என்ற தீர்ப்பு அதில் எழுதப்படுகிறது. மாமியாரின் நெருக்கடியில் நடக்கும் கலைப்பைத் தேர்வு என்று அழைப்பதும் பொருந்தாது.

ஆனால் இதிலிருந்து முழுத் தடை பிறக்காது. சட்டத்துக்குப் புறம்பான, பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் பெண்கள் இறந்ததைக் கண்டே சாந்திலால் ஷா குழு 1966-இல் சட்டத் தளர்வைப் பரிந்துரைத்தது. 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. தடை விதித்தால் அந்த மரணங்கள் திரும்பும், வரதட்சணை போகாது.

எனவே இத்துறையில் எழுதும் கல்வியாளர் எந்தப் பக்கம் நின்றாலும் அவரிடம் மாணவர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: காக்கச் சொல்லும் உயிரின் செலவை யார் தலையில் வைக்கிறீர்கள்? பெண்ணுக்குச் சொத்து, கூலி, படிப்பு, வரதட்சணையற்ற திருமணம் ஆகியவற்றுக்கு விடை சொல்லாமல் கருவைப் பற்றி மட்டும் பேசும் வாதம், தர்க்கத்தில் எவ்வளவு சரியாக இருந்தாலும், தேனி வட்டாரத்தில் ஒரு குழந்தையையும் காப்பாற்றியிருக்காது.