தாழ்வாரத்தைக் காணாத கலை

நோயாளியைக் காட்டிய கலை உண்டு. மருத்துவரைப் போற்றிய கலை உண்டு. நோயாளியின் கட்டிலருகே, இமை மூடாது, விசிறியும் கையுமாக அமர்ந்திருக்கும் மனைவியை உள்ளது உள்ளபடி காட்டிய கலை எது? கணவனைக் காட்டிய கலைதான் எது? நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே.

இக்கேள்வி ஏடு புரட்டியபோது பிறந்ததன்று. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிறந்தது. சென்ற ஆண்டு நம் தமக்கையின் கணவரைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. கண்டறிந்தபோதே அது இரைப்பையிலிருந்து கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "இனி வலியைக் குறைக்கலாம், நோயை நீக்க இயலாது" என்றனர் மருத்துவர். பள்ளி விடுமுறை நாள்களிலெல்லாம் தமக்கைக்குத் துணையாக அத்தாழ்வாரத்தில் நாமும் பாய் விரித்தோம். அங்கே கண்டதை நெஞ்சில் நிறுத்தி, முன்பு நாம் வியந்து போற்றிய மூன்று படைப்புகளை மீண்டும் எடுத்தோம். வியப்பு முற்றும் கலையவில்லை. ஆனால் குறை தெரிந்தது.

முதலாவது, ஸ்ரீதர் இயக்கி 1962-இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. கதை பலரும் அறிந்ததே. புற்றுநோயுற்ற கணவன் வேணுவை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறாள் சீதா. மருத்துவர் முரளியோ முன்னாளில் அவளைக் காதலித்தவர். அரண்மனையும் அந்தப்புரமும் விட்டு, ஒரு மருத்துவமனையையே கதையின் களமாக்கிய துணிவைப் பாராட்டுகிறோம். 'நான் மாண்டால் நீ அவரை மணந்துகொள்' என்று கணவனே மனைவியிடம் கூறும் கட்டத்தை அதனினும் மிகுதியாகப் பாராட்டுகிறோம். கைம்பெண்ணுக்கும் வாழ்வு உண்டு என்ற கருத்தைச் சாகக் கிடப்பவன் வாயாலேயே சொல்லவைத்தது சிறிய செயலன்று.

ஆனால் பின்பு நடப்பது என்ன? மனைவி மறுக்கிறாள். மறுப்பது அவள் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. அந்த மறுப்பைக் கற்பின் வெற்றியாகக் கொண்டாடுகிறதே படம், அங்கேதான் நம் வழக்கு. முடிவில் கணவன் பிழைக்கிறான், மருத்துவர் மாள்கிறார். கேள்வியை எழுப்பிய கதை, விடை கூறவேண்டிய வேளையில், கேட்கவேண்டிய தேவையையே நீக்கிவிடுகிறது! சீதா என்று பெயர் வைத்தபோதே தீக்குளியலும் எழுதப்பட்டுவிட்டதோ?

இன்னொன்றும் கேட்கிறோம். அந்த மருத்துவமனையில் சீதா செய்த வேலை யாது? அழுதாள், பாடினாள், மன்றாடினாள். வாந்தி ஏந்தும் கிண்ணத்தைக் கழுவியது எப்போது? படுக்கைப் புண் வாராமல் அவனைப் புரட்டிப் படுக்க வைத்தது எப்போது? கையிலிருந்த பணத்தை எண்ணி, எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்கிட்டது எப்போது? இரவு 2 மணிக்கு யார் தோளில் சாய்ந்தாள்? தன்னைப் போலவே கணவனைக் காக்க வந்த இன்னொரு பெண்ணிடம் மனம் திறந்து பேசுவதற்குக் கதையின் முடிச்சில் இடமில்லை. அவளைச் சுற்றி ஆண்கள் இருவர், நடுவில் கற்பு. அவ்வளவே!

இரண்டாவது, டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்'. உலக இலக்கியம் இதற்கு உயர்ந்த இடம் தந்திருக்கிறது, தகும். நோயின் பெயரைக்கூட ஆசிரியர் திட்டமாகச் சொல்லவில்லை. சாகிறவனை வாட்டுவது வலி மட்டுமன்று, பொய். 'உனக்கு ஒன்றுமில்லை, தேறிவிடுவாய்' என்று மனைவியும் மருத்துவரும் நடிக்கும் நடிப்பு. அந்த வீட்டில் பொய் பேசாதவன் ஒருவனே: கெராசிம் என்னும் உழவர்குடிப் பணியாள். எசமானனின் கால்களைத் தன் தோள்மீது தாங்கி இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான். படிப்பும் பதவியும் தராத ஆறுதலை உழைப்பாளியின் தோள் தருகிறது என்று காட்டிய டால்ஸ்டாயை வணங்கத் தோன்றுகிறது.

எனினும், அந்த மனைவியைப் பாருங்கள். பிரஸ்கோவ்யா என்பது அவள் பெயர். கணவன் மூன்று நாள் ஓயாது அலறினான், எப்படித்தான் தாங்கினேனோ என்கிறாள். அடுத்து, அரசாங்கத்திடமிருந்து பணம் பெறும் வழியை வினவுகிறாள். டால்ஸ்டாய் எள்ளி நகைக்கிறார். முன்பு அவரோடு சேர்ந்து நாமும் நகைத்தோம். இன்று நகைக்க முடியவில்லை. கணவன் கண்மூடிய மறுநாள், 'ஓய்வூதியம் எப்போது வரும்? இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது?' என்று நம் தமக்கை கேட்டார். அது பேராசையா? இரண்டு குழந்தைகளின் சோறு! பிரஸ்கோவ்யா வசதி படைத்தவள், தன்னலக்காரி, அதை மறுக்கவில்லை. ஆனால் சாகிறவனின் உள்ளத்தை அணுவணுவாக ஆராய்ந்த பேனா, மூன்று நாள் அந்த அலறலைக் கேட்டவளின் உள்ளத்தின் வாயிற்படியையும் மிதிக்கவில்லையே!

மூன்றாவது, ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தம் மனைவியை இழந்தபின் எழுதிய 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்னும் துயரக் குறிப்பேடு. அவர் மனைவி ஜாய் டேவிட்மன், அமெரிக்கக் கவிஞர். 1956-இல் பதிவுத் திருமணம். அதே ஆண்டில் புற்றுநோய் வெளிப்பட்டது. 1960 சூலையில் மறைந்தார். மறு ஆண்டு இந்நூலை வேறொரு பெயரில் மறைந்திருந்தே வெளியிட்டார் லூயிஸ். உலகில் துன்பம் ஏன் என்பதற்குச் சமயநோக்கில் விளக்கம் எழுதி 1940-இல் நூலாக வெளியிட்டவர் அவர். அந்த விளக்கங்கள் தம் வீட்டுத் துன்பத்தின்முன் தடுமாறியதை ஒளிக்காமல் எழுதினார். இறுதியில் தம் நம்பிக்கைக்கே திரும்பினார். நமக்கு அது உடன்பாடன்று என்பதற்காக அவர் நேர்மையைக் குறைத்துப் பேசமாட்டோம். நம் குறை வேறு. அந்நூலில் அவர் தனியர். கடவுளோடு வாதாடுகிறார், நினைவோடு பேசுகிறார். தம்மைப்போலவே துணையை இழந்துகொண்டிருக்கும் இன்னொரு மனிதனின் கையைப் பற்றியதாக அந்நூல் காட்டவில்லை.

ஒன்றிலே கற்பு, மற்றொன்றிலே பொய், இன்னொன்றிலே தனிமை. தாழ்வாரம் எங்கே?

தாழ்வாரத்தில் நாம் கண்டதைக் கூறுகிறோம். முதல் வாரம் நம் தமக்கை எவரிடமும் பேசவில்லை. எட்டாம் நாள், பக்கத்துப் பாயிலிருந்த அம்மையார் ஒருவர், ஈரப் பஞ்சால் உதடு நனைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். அதுதான் தொடக்கம். பின்னர் முறைவைத்து உறங்கினர். ஒருத்தி கண்ணயரும்போது மற்றொருத்தி இரு கட்டில்களையும் பார்த்துக்கொள்வாள். ஒரு தூக்குச் சோற்றை நால்வர் பகிர்ந்தனர். கணவனிடம் சொல்லமுடியாததை, மாமியாரிடம் சொல்லக்கூடாததை, அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். "சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதான்னு தோணுது, பாவமில்லையா அக்கா?" என்று விம்மினாள் ஒருத்தி. "எனக்கும் தோணுச்சு. வலி தீரணும்னுதானே நினைக்கிறோம்?" என்றார் அந்த அம்மையார். எந்த அறநூலும் தராத விடுதலையை அந்த ஒரு சொல் தந்தது.

நெசவுத் தொழிலாளி ஒருவரும் அங்கிருந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோயுற்ற மனைவிக்குத் தலைவாரிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருந்தார். ஊரில் அவரை ஏளனம் செய்தார்களாம். தாழ்வாரத்துப் பெண்களோ, பின்னலைப் பிரித்துக் காட்டி மீண்டும் போடச் சொல்லிக்கொடுத்தனர். சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், 'இன்று ஏதாவது உள்ளே இறங்கியதா?' என்ற ஒன்றே.

நம் தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். அந்த அம்மையார் கணவரின் மணிக்கட்டில் மந்திரித்த மஞ்சள் நூல் கட்டிக்கொண்டிருந்தார். நாம் பட்டம் பெற்றவராயிற்றே! பகுத்தறிவு பேசத் தொடங்கினோம். அவர் சினக்கவில்லை. "இது காப்பாத்தாதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. நாலு பேர் முன்னால அவரு கையைப் பிடிக்க எனக்கு ஒரு சாக்கு வேணும்ல?" என்றார். நாம் வாயடைத்து நின்றோம். மனைவி கணவனின் கையைப் பற்றுவதற்கும் சாமியின் அனுமதி வேண்டும் என்று ஆக்கிவைத்த சமுதாயத்தை அன்றோ நாம் சாடியிருக்க வேண்டும்? நூலை அறுக்க விரைந்தோமே தவிர, நூல் செய்துகொண்டிருந்த வேலையைக் கவனித்தோமில்லை.

அதே தாழ்வாரம் மூடநம்பிக்கையை முறியடித்ததையும் கண்டோம். ஒரே மருந்தில் நோயைப் போக்குவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்டான் ஒருவன். தம் நகையை அப்படி இழந்திருந்த பெண்ணொருத்தி எழுந்து நின்று தன் கதையைச் சொன்னாள், ஒருவரும் ஏமாறவில்லை. ஒட்டுநோய் என்று அஞ்சி, உறவினர் நம் மைத்துனருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்தனர். புற்றுநோய் ஒருவரோடு உண்பதாலும் ஒருவரைத் தொடுவதாலும் பரவுவதன்று. இதை நாம் பத்து முறை சொல்லியும் கேளாதவர்கள், தாழ்வாரத்துப் பெண்கள் அக்குவளையிலேயே நீர் அருந்தியதைக் கண்டு நாணினர்.

அறிவும் அன்பும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அழுதுவிட்டு அமர்ந்துவிடவில்லை. அவர் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று பேரறிஞர் அண்ணா கண்மூடியதும் அங்கேதான். இலண்டனில், செவிலியாயிருந்து பின் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். சாகிறவர் வலி உடல்வலி மட்டுமன்று, மனமும் குடும்பமும் சேர்ந்தது என்றார். கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்திலிருந்து, அண்டை வீட்டாரே தொண்டர்களாகி நோயாளியின் இல்லம் தேடிச் செல்லும் இயக்கம் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வலிதணிப்புச் சேவையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மத்தியப் பிரதேசத்திலும் இராசசுத்தானத்திலும் உரிமம் பெற்று அபினிச் செடி பயிராகும் நாடு இது. அதிலிருந்து கிடைக்கும் மார்ஃபின் புற்றுநோயின் கொடிய வலிக்குக் கைகண்ட மருந்து. ஆயினும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடித்தவருக்கு அது எட்டாக்கனியாயிற்று. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. இடைப்பட்ட 29 ஆண்டுகளில் எத்தனை கட்டிலருகே எத்தனை பிரஸ்கோவ்யாக்கள் அலறலைக் கேட்டுக் கிடந்தனரோ! அதை 'ஊழ்வினை' என்று சொன்னவர் பலர். ஊழ்வினையன்று, மருந்து வந்துசேரவில்லை.

எழுத முனையும் இளைஞர்க்கு நாம் கூற விரும்புவது இதுதான். இனி ஒரு கதையில் புற்றுநோய் வருமாயின், கற்பைச் சோதிக்கும் கருவியாக அதை ஆக்காதீர். கண்ணீர் பிழியும் பிழிபொறியாக ஆக்காதீர். கிண்ணம் கழுவும் கையை எழுதுங்கள். கணக்குப் பார்க்கும் விரலை எழுதுங்கள். பின்னல் போடக் கற்ற ஆணை எழுதுங்கள். ஒருத்தியின் துயரை இன்னொருத்தி தாங்கிய இரவை எழுதுங்கள்.

எழுதாதவர்க்கும் வேலை உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இன்றிரவும் யாரோ விழித்திருக்கிறார். சொற்பொழிவோடு செல்லவேண்டாம். ஒரு தூக்குச் சோறோடு சென்று, "அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு மணிநேரம் தூங்குங்கள்" என்று சொல்லுங்கள்.

நம் மைத்துனர் மறைந்து திங்கள் பல ஆயின. தமக்கை இன்றும் கிழமைக்கு ஒருநாள் அத்தாழ்வாரத்துக்குச் செல்கிறார். ஏன் என்று கேட்டோம். "புதுசா வந்தவங்களுக்கு உதடு நனைக்கத் தெரியாதுடா" என்றார்.