மண்ணைப் பாருங்கள், பிறகு வண்டியைப் பாருங்கள்

ரேடியோ ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. வண்டிகளின் ஆஃப்-ரோடு பந்தயத்தை முதன்முறை பார்க்கிறவரின் கண் வேகத்தின் மேல்தான் போகும். ஒன்றரை கிலோ எடையுள்ள வண்டி மண்மேட்டில் ஏறி, இடுப்பு உயரத்துக்கு மேல் துள்ளி, அடுத்த மேட்டின் இறக்கத்தில் போய் இறங்குகிறது. அதைப் பார்த்த கையோடு வண்டி வாங்கப் போகிறவர், "இது எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும்?" என்று கேட்பார். அனுபவமுள்ள பந்தயக்காரர் அவரிடம் திருப்பிக் கேட்பது, "எந்த டிராக்கில் ஓட்டப்போகிறீர்கள், அங்கே தரை எப்படி?" என்பதைத்தான். இந்தக் கேள்வியின் அருமை புரிந்துவிட்டால் வண்டியைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பந்தயம் பார்ப்பதன் சுவையும் பல மடங்கு கூடும்.

காரணம் எளிமையானது. மோட்டாருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் அது முழுவதும் டயர் தரையைத் தொடும் விரலகல ரப்பர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மேடுபள்ளத்தில் சக்கரங்கள் பாதி நேரம் அந்தரத்தில் சுழன்றால் அந்தப் பலம் வீண். நான்கு சக்கரங்களையும் அதிக நேரம் தரையோடு வைத்திருப்பவருக்கே வெற்றி.

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1979-இல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற இரண்டு வண்டிகளை வெளியிட்டது. மணல்மேடுகளில் ஓடிய நிஜ பக்கி வண்டிகளைப் பார்த்துச் செய்த அழகான மாதிரிகள் அவை. 1982-இல் கியோஷோவின் ஸ்கார்பியன் வந்தது. இவற்றை வாங்கியவர்கள் காலி இடங்களில் கோடு கிழித்துப் பந்தயம் விட ஆரம்பித்தார்கள்.

1984-இல் கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி.10 பக்கியைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. பொன்னிறப் பூச்சு ஏறிய அலுமினியச் சேசிஸ், தனித்தனியே அசையும் நான்கு சஸ்பென்ஷன் கைகள், எண்ணெய் நிரப்பிய நீளமான ஷாக் அப்சார்பர்கள் என்று எல்லாமே பந்தயத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. நிஜக் கார் எதையும் அது நகலெடுக்கவில்லை. மறு ஆண்டு, 1985-இல், கலிஃபோர்னியாவின் டெல் மாரில் 1/10 (நிஜ வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு) ஆஃப்-ரோடு வகைக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. டூ-வீல் டிரைவ் பிரிவில் ஜே ஹால்சி ஆர்.சி.10 ஓட்டி வென்றார். ஃபோர்-வீல் டிரைவ் பிரிவில் யோகோமோ வண்டியோடு கில் லோசி ஜூனியர் வென்றார்.

1987-இல் இங்கிலாந்தில் நடந்த அடுத்த உலகப் போட்டியில் ஃபோர்-வீல் பட்டத்தை வென்ற மசாமி ஹிரோசாகா என்ற ஜப்பானிய இளைஞருக்கு அப்போது பதினேழு வயது. ஆன்-ரோடு, ஆஃப்-ரோடு இரண்டிலும் சேர்த்து அவர் வென்ற உலகப் பட்டங்கள் 14. அவருடைய பழைய பந்தயப் பதிவுகள் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். வண்டி அநாவசியமாக ஒரு முறைகூடத் துள்ளாது, வழுக்காது. அந்த அமைதிதான் இந்தக் கலையின் உச்சம்.

தரை மூன்று விதம்

முதலாவது, திறந்தவெளியின் உதிரி மண். பந்தயத்துக்கு முன் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவார்கள். வெயில் ஏற ஏற மேல்மண் காய்ந்து உதிரும். காலையில் கிடைத்த பிடி மத்தியானம் கிடைக்காது. இங்கே நீளமான ரப்பர் முட்கள் கொண்ட டயர்களும் மென்மையான ஸ்பிரிங்குகளும் வேண்டும். வண்டியின் எடை பின்சக்கரத்தின் மேல் அழுந்த வேண்டும்.

இரண்டாவது, அழுத்தி இறுக்கிய களிமண். வண்டிகள் ஓட ஓட, பந்தயப் பாதையில் ரப்பர் படிந்து கருத்துப் பளபளக்கும் தடம் ஒன்று உருவாகும். இதைப் புளூ குரூவ் என்பார்கள். அந்தத் தடத்துக்குள் அபாரமான பிடி. ஒரு சாண் விலகினால் வழுக்கல். சில டிராக்குகளில் பிடி கூடுவதற்காகச் சர்க்கரை கரைத்த தண்ணீரைத் தெளிப்பதும் உண்டு. இங்கே முட்கள் தேய்ந்த டயரும் முள்ளே இல்லாத வழுவழுப்பான டயரும்தான் வேகம் தரும்.

மூன்றாவது, கார்ப்பெட்டும் செயற்கைப் புல்லும். ஐரோப்பாவில் இவை பரவலாக உள்ளன. பிடி இங்கே மிகுதி. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது: திருப்பத்தில் டயர் வழுக்காமல் தரையைப் பற்றிக்கொள்ள, வண்டி அப்படியே பக்கவாட்டில் கவிழும். அதனால் வண்டியைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள்.

டூ-வீல் பக்கியின் வடிவத்தையே தலைகீழாக மாற்றியது இந்த மூன்றாவது தரைதான். ஆர்.சி.10 காலம் தொட்டு மோட்டார் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. உதிரி மண்ணில் பின்சக்கரத்துக்குப் பிடி தர அந்த எடை தேவைப்பட்டது. பிடி தாராளமாகக் கிடைத்த தரைகளில் அதே எடை வண்டியைத் திரும்பவிடாமல் இழுத்தது. எனவே மோட்டாரை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். 2011-இல் வந்த, டி.எல்.ஆர். நிறுவனத்தின் 22 என்ற பக்கியை இரண்டு விதமாகவும் பூட்டிக்கொள்ளலாம். அடுத்த சில ஆண்டுகளில் நடுமோட்டார் வண்டிகளே பந்தயத்தில் பெரும்பான்மை ஆகிவிட்டன. ஒரு வண்டியைத் திருப்பிப் போட்டு மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே, அது எந்தத் தரையை நினைத்துச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

எந்த வகை, யாருக்கு?

1/10 டூ-வீல் பக்கி: பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும், முன்சக்கரங்கள் திருப்ப மட்டுமே. த்ராட்டில் விசையைக் கொஞ்சம் அவசரப்பட்டு அழுத்தினாலும் பின்பக்கம் சுழன்றுவிடும். விரலுக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுக்கும் வண்டி இது.

1/10 ஃபோர்-வீல் பக்கி: நான்கு சக்கரமும் இழுக்கும். திருப்பத்தில் சீக்கிரமே விசையை அழுத்தலாம். சுற்று நேரம் குறையும், பாகங்களும் பராமரிப்பும் கூடும்.

ஸ்டேடியம் டிரக்: அமெரிக்க விளையாட்டரங்குகளில் நடந்த நிஜ டிரக் பந்தயங்களிலிருந்து வந்த பெயர். பக்கியைவிட அகலம், டயர் பெரிது, அதனால் நிலையாக ஓடும். மேடுபள்ளம் மிகுந்த மண்ணில் டூ-வீல் பக்கியைவிட மன்னிக்கும் குணம் உள்ளது.

ஷார்ட் கோர்ஸ் டிரக்: 2008-இல் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் வந்த பிறகு பரவிய வகை. சக்கரங்களை மூடிய அகலமான கூடும் முன்பின் பம்பர்களும் இருப்பதால், ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடலாம். புதியவர்கள் கூடி ஓட்டக் கொண்டாட்டமான வண்டி. தாவும்போது மட்டும் அந்தப் பெரிய கூட்டுக்குள் காற்று குடைக்குள் புகுவதுபோல் புகுந்து வண்டியைத் தூக்கும். அதனால்தான் கூட்டின் பின்பக்கத்தில் துளைகள் வெட்டிவிடுவார்கள்.

1/8 பக்கி: மூன்று கிலோவைத் தாண்டும் எடை. மூன்று டிஃபரென்ஷியல்கள் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் பல்சக்கர அமைப்புகள்), தடித்த ஷாக்குகள், பெரிய வெளிப்புற டிராக்குகள். மின்சாரத்திலும் ஓடும், மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த எரிபொருளில் இயங்கும் 3.5 சி.சி. எஞ்சினிலும் ஓடும். இதே பாகங்களில் கைகளை நீட்டி, பெரிய சக்கரம் மாட்டினால் அது டிரகி.

மின்சார 1/10 பந்தயம் பெரும்பாலும் 5 நிமிடம். எரிபொருள் வண்டிகளின் உலக இறுதிப் போட்டியோ ஒரு மணி நேரம் வரை நீளும். டேங்க் கொள்ளளவு 125 சி.சி. மட்டுமே. அது தீருமுன் வண்டி பிட்டுக்குள் வர வேண்டும். ஓட்டுநர் மேடையில் நிற்க, கீழே காத்திருக்கும் துணையாள் சில நொடிகளில் நிரப்பி அனுப்புவார். பந்தயத்தின் தலையெழுத்து அந்த நொடிகளில் மாறுவதை அடிக்கடி காணலாம்.

டிராக்கில் எதைப் பார்ப்பது?

முதலில் சேசிஸைப் பாருங்கள். குண்டும்குழியுமான நேர்பாதையில் சக்கரங்கள் மேலும் கீழும் துடிக்க, நடுவில் சேசிஸ் மட்டும் சமமாக மிதந்து போனால் அந்த ஷாக்குகளை அமைத்தவர் கைதேர்ந்தவர். ஷாக்கின் உள்ளே பிஸ்டனின் சின்ன ஓட்டைகள் வழியாக சிலிக்கான் எண்ணெய் நகர்கிறது. எண்ணெயின் கெட்டித்தன்மையும் ஓட்டையின் அளவும் சேர்ந்துதான் அந்த மிதப்பைத் தருகின்றன.

பிறகு தாவல். அந்தரத்தில் ஓட்டுநர் விசையை அழுத்தினால் சக்கரங்கள் வேகமாகச் சுழலும். அதற்கு எதிர்வினையாக வண்டியின் மூக்கு மேலே எழும். பிரேக் பிடித்தால் மூக்கு கீழே இறங்கும். நான்கு சக்கரமும் சுழலும் வண்டியில் இந்த விளைவு அதிகம். நல்ல ஓட்டுநர் காற்றிலேயே வண்டியின் சாய்வைத் திருத்தி, எதிர் மேட்டின் இறக்கச் சரிவோடு இணையாக இறக்குவார். சத்தமில்லாமல் இறங்கும் வண்டி உடனே ஓடத் தொடங்கும். சமதரையில் அறைந்து இறங்கும் வண்டி ஒரு கணம் திணறும். கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் ஓசையைக் கேட்டே இந்த வித்தியாசத்தை உணரலாம்.

கடைசியாக, நிதானம். ஒரு சுற்றுக்கு 30 நொடி என்றால் 5 நிமிடத்தில் 10 சுற்று. சுற்றுக்கு அரை நொடி வேகமாக ஓட்டுகிறவர் மொத்தத்தில் 5 நொடி முந்துவார். அவர் ஒரே ஒரு முறை கவிழ்ந்து, மார்ஷல் ஓடிவந்து தூக்கிவிட்டால் அந்த 5 நொடியும் போய்விடும். எனவே முன்னால் போகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே திருப்பத்தை அதே தடத்தில் எடுக்கிறவர் யார் என்று தேடுங்கள். கடைசி நிமிடத்தில் அவர் மேலே வந்துகொண்டிருப்பார்.

கையில் எடுத்துப் பாருங்கள்

வாங்கப் போகும் வண்டியின் ஷாக்கைக் கழற்றிவிட்டு, சஸ்பென்ஷன் கையைத் தூக்கி விடுங்கள். தன் எடையாலேயே அது தடையில்லாமல் விழ வேண்டும். வழியில் சிக்கினால் எந்த எண்ணெயும் அதைச் சரிசெய்யாது. ஷாக்கை மாட்டி, வண்டியை ஓரடி உயரத்திலிருந்து தட்டையாக விடுங்கள். இறங்கி, பந்துபோலத் துள்ளாமல் ஒரே மூச்சில் அடங்குவது நல்ல அறிகுறி.

டயர்களில் காற்று கிடையாது. உள்ளே நுரை வளையம் இருக்கும், விளிம்பைச் சக்கரத்தோடு பசையால் ஒட்டியிருப்பார்கள். வெளி ரப்பரின் மென்மையோடு உள்ளே இருக்கும் நுரையின் இறுக்கமும் கணக்கில் சேரும். புதியவர்கள் மோட்டாருக்குச் செலவழிக்கும் பணத்தை உங்கள் டிராக்குக்குப் பொருத்தமான டயருக்குச் செலவழியுங்கள். சுற்று நேரம் உடனே குறையும்.

மோட்டாரில் 17.5, 13.5, 6.5 என்று எழுதியிருப்பது உள்ளே சுற்றிய கம்பியின் சுற்று எண்ணிக்கை. எண் குறையக் குறைய வேகம் கூடும். 17.5 மோட்டார் ஸ்டாக் வகைக்கு உரியது. அந்த வகையில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாருக்குக் கூடுதல் ஊக்கம் தரக்கூடாது என்பது பல இடங்களில் விதி. ஊக்கம் அணைக்கப்பட்டிருப்பதற்கு அடையாளமாகக் கருவியின் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்; நடுவர் ஒரு பார்வையில் சோதித்துவிடுவார். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பலம் என்பதால், திறமை அப்பட்டமாகத் தெரியும் வகை இது.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடும் வண்டிகள் உண்டு; தனித்தனிப் பாகங்களாக வரும் கிட்டும் உண்டு. பந்தயம்தான் நோக்கம் என்றால் கிட் வாங்கி நீங்களே பூட்டுங்கள். டிஃபரென்ஷியலைப் பிரித்துச் சேர்த்தவருக்கு, அது கரகரக்கும்போது காரணம் தெரியும். ஷாக்கில் காற்றுக்குமிழியை வெளியேற்றிப் பழகியவருக்கு, ஒரு பக்கம் மட்டும் ஏன் துள்ளுகிறது என்று புரியும். கிட் விலையில் மோட்டார், சர்வோ, ரிமோட், பேட்டரி, சார்ஜர் பெரும்பாலும் சேராது. பட்ஜெட்டில் அவற்றுக்கு இடம் விடுங்கள். நல்ல ரிமோட்டும் நல்ல சார்ஜரும் வண்டிகள் மாறினாலும் கூடவே வரும்.

முதல் வண்டி

எதையும் வாங்கும் முன் ஒரு நாள் முழுவதும் நீங்கள் ஓட்டப்போகும் டிராக்கில் இருங்கள். எந்த வகைக்கு ஆள் சேருகிறது, எந்தப் பாகம் அடிக்கடி உடைகிறது, அந்தப் பாகம் அன்றே அங்கேயே கிடைக்கிறதா என்று கவனியுங்கள். முன்கை உடைந்து, மாற்றுக் கை வர மூன்று வாரம் ஆகும் என்றால், எவ்வளவு உயர்ந்த வண்டியும் அலமாரியில்தான் நிற்கும். அங்கே எல்லோரும் ஷார்ட் கோர்ஸ் ஓட்டினால் நீங்களும் அதையே வாங்குங்கள். போட்டிக்கு ஆளில்லாத வண்டியால் பந்தயம் விட முடியாது. ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கு மார்ஷலாக நிற்பது இந்த விளையாட்டின் வழக்கம். உங்கள் முறை வரும்போது ஆசையோடு நில்லுங்கள். வண்டிகள் எங்கே, எப்படிக் கவிழ்கின்றன என்பதை அவ்வளவு அருகிலிருந்து வேறெங்கும் பார்க்க முடியாது.

எல்லா வகையும் ஓடும் டிராக் என்றால், 17.5 மோட்டார் பூட்டிய டூ-வீல் பக்கியை எடுங்கள் என்பேன். மற்ற வண்டிகள் உங்கள் தவறுகளில் பாதியை மூடி மறைத்துவிடும். இது ஒவ்வொன்றையும் அந்தக் கணமே காட்டிக்கொடுக்கும். இதில் விரல் கற்ற நிதானம், பின்னால் நீங்கள் எந்த வண்டிக்குப் போனாலும், எந்தத் தரையில் ஓட்டினாலும் பலன் தரும்.